கட்டணக் கழிவா, நேரடி உதவித்தொகையா?

பினாங்கில் 1852ஆம் ஆண்டு நிறுவப்பட்ட செயின்ட் சேவியர் முதலான கிறிஸ்தவ மிஷன் பள்ளிகளில் இந்துத் தமிழ்ப் பிள்ளைகள் தலைமுறைகளாகப் படித்து வருகின்றனர். அவர்களுள் வசதியற்றோர்க்குத் தனியார் மிஷன் பள்ளியொன்று கட்டணத்தைக் கழித்தால், பணம் வேறு செலவுக்குத் திரும்பாது. ஆயினும் பேருந்துச் செலவும் சீருடையும் பயிற்சி நூல்களும் வீட்டாரின் சுமையாகவே இருக்கும், பிள்ளை பள்ளி மாறினால் அந்த உதவியும் அறுந்துவிடும். பினாங்கு இந்து அறப்பணி வாரியம் உயர்கல்விக்கு வழங்குவதைப் போன்ற நேரடித் தொகையோ மாணவருடனேயே செல்லும். அதற்கு வருமானச் சான்று வேண்டும். நாட்கூலிக்குப் போகும் தாயிடம் சம்பளச் சீட்டு ஏது? முதலாளியின் கடிதமோ உறுதிமொழிப் பத்திரமோ போதும் என்றால், நான் நேரடித் தொகையையே பரிந்துரைப்பேன்.