ட்ரினோவை டிபீவரில் இணைப்பதா, சுப்பர்செட்டிலா?

கொட்பே துறைமுகத்து மீன் இறக்கம் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில், மழைவீழ்ச்சி பார்கே என்ற வகைத் தரவுக் கோப்புகளில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் ஒரே வினவலில் சேர்க்க ட்ரினோ என்ற வினவல் இயந்திரம் இருக்கிறது. அதை எதில் திறந்து பார்ப்பது: மடிக்கணினியில் ஓடும் எஸ்கியூஎல் கருவியான டிபீவரிலா, உலாவியில் வரைபடம் காட்டும் சுப்பர்செட்டிலா? திருகோணமலையில் ஐந்தாறு பேர் பாவிக்கும் அளவுக்கு என் தெரிவு டிபீவர்.

டிபீவரில் புதிய இணைப்பு, ட்ரினோ, சேர்வர் பெயர், போர்ட் 8080. ட்ரைவர் ஜாரை (இணைப்புக்கான ஜாவா கோப்பை) அதுவே இறக்கிக்கொள்ளும். கடவுச்சொல் வைத்திருந்தால் எச்டிடிபிஎஸ் கட்டாயம்: போர்ட் வழக்கமாக 8443, ட்ரைவர் பண்புகளில் எஸ்எஸ்எல்லை 'ட்ரூ' ஆக்க வேண்டும். பழைய பிரெஸ்டோ ஜாரை மட்டும் ஒட்டாதீர்கள். 2020 டிசம்பரில் பிரெஸ்டோ எஸ்கியூஎல் என்ற பெயர் ட்ரினோ என்று மாறிய பிறகு, 351ஆம் பதிப்பிலிருந்து கோரிக்கைத் தலைப்புகளும் மாறிவிட்டன. சேர்வரில் தனி அமைப்பு போடாமல் 350ஆம் பதிப்பு ட்ரைவரும் அதற்கு முந்தியவையும் அதனுடன் பேசாது.

சுப்பர்செட்டின் டொக்கர் படிமத்தில் (கொன்டெய்னர் என்ற தனிப்பெட்டியில் ஓடும் ஆயத்தப் பொதியில்) ட்ரினோ பைதன் பொதியைத் தேடாதீர்கள், நாம்தான் சேர்க்க வேண்டும். 'லோக்கல்ஹோஸ்ட்' என்று எழுதினால் அது கொன்டெய்னரையே குறிக்கும், இணைப்பு மறுக்கப்படும். இவை ஒரு பின்னேர வேலை.

உண்மையில் முடிவைத் தீர்மானிப்பது நேர வலயம். ட்ரினோ அமர்வின் வலயத்தைக் கருவிதான் அனுப்புகிறது. டிபீவர் நம் மடிக்கணினியின் வலயத்தைக் கொடுக்கும்: ஏசியா/கொழும்பு. கொன்டெய்னரோ பெரும்பாலும் யூடிசி, அதாவது நம்மைவிட ஐந்தரை மணி பின்னே நிற்கும் உலகப் பொது நேரம். அதிகாலை 4 மணிக்குக் கரையேறிய வள்ளத்தின் நேரம் யூனிக்ஸ் விநாடியாக (1970 தொடக்கத்திலிருந்து எண்ணிய விநாடியாக) பதிந்திருந்தால், 'ஃப்ரம் யூனிக்ஸ்டைம்' செயற்கூறு அதை யூடிசியில் முதல்நாள் இரவு 10.30 ஆக்கும். நாள்வாரியாகக் கூட்டினால் அந்த மீன் முதல்நாள் கணக்கில் விழும். பிழைச்செய்தி எதுவும் வராது, மாத மொத்தமும் ஏறக்குறைய சரியாகவே இருக்கும். அதனால்தான் இது ஆபத்து. மருந்து, அதே செயற்கூறின் இரண்டாவது இடத்தில் வலயத்தை எழுதுவது. சுப்பர்செட்டில் அதைக் கணிப்பு நிரலாக ஒரு தடவை வைத்துவிடலாம், ஆனால் புதிய டேட்டாசெட் ஒவ்வொன்றிலும் மறக்காமல் வைக்க வேண்டும். யூடிசி அமர்வில் விடியற்காலை 5.30க்கு முன் 'கரண்ட் டேட்' கேட்டாலும் இதே கூத்துதான்: அது நேற்றைய திகதியைத் தரும்.

டிபீவரிலும் ஒரு எரிச்சல் உண்டு. கட்டலொக்கை (ட்ரினோவில் ஒரு தரவு மூலத்துக்கு இட்ட பெயரை) குறிப்பிடாமல் திறந்தால் எல்லாவற்றையும் பட்டியலிடப் போய் இழுபடும். இணைப்பிலேயே கட்டலொக், அதற்குள் உள்ள அட்டவணைத் தொகுதியான ஸ்கீமா இரண்டையும் போட்டுவிடுங்கள்.

எஸ்கியூஎல் எழுதாத அதிகாரிகள் தினமும் சுவரில் வரைபடம் பார்க்க வேண்டுமென்றால் சுப்பர்செட்தான். அங்கே என் வாதம் எடுபடாது. எதை எடுத்தாலும் முதல் வினவலாக 'கரண்ட் டைம்ஸோன்' கேளுங்கள். ஏசியா/கொழும்பு என்று வராவிட்டால் வேறொன்றையும் கூட்டத் தொடங்காதீர்கள்.