சட்டைப் பொத்தானிலிருந்து தொடங்கிய சிகிச்சை: ஓர் ஆக்குபேஷனல் தெரபி மையத்தில் பதினொரு மாதங்கள்

திருச்சியில் உள்ள ஒரு தனியார் ஆக்குபேஷனல் தெரபி மையத்துக்கு என் மகளைக் கடந்த பதினொரு மாதங்களாக வாரம் இருமுறை அழைத்துச் சென்று வருகிறேன். அங்கே கிடைத்த நன்மைகளோடு குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் மையத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. இத்தகைய மையங்கள் இப்போது ஊருக்கு ஊர் திறக்கப்படுகின்றன. அவற்றுள் எது நம் பிள்ளைக்கு உதவும் என்று கண்டுகொள்ளும் வழி தெரியாமல் நாங்கள் ஏற்கெனவே ஓர் இடத்தில் நான்கு மாதங்களை இழந்திருந்தோம். அந்த இழப்பு வேறு பெற்றோருக்கு நேரக் கூடாது என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

என் மகளுக்கு ஆறு வயது; முதல் வகுப்பு படிக்கிறாள். கதை சொல்வாள், கூட்டல் கணக்கை மனத்திலேயே போடுவாள். ஆனால் சட்டைப் பொத்தானைப் போட வராது. சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி மடியில் விழும். படியில் இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்வாள். செல்லம் கொடுத்ததால் வந்த சோம்பல் என்று உறவினர்கள் சொன்னதை நாங்களும் சில காலம் நம்பினோம். குழந்தைகள் நல மருத்துவர் பரிசோதித்துவிட்டு, இது வளர்ச்சிசார் ஒருங்கிணைவுக் குறைபாடு, சுருக்கமாக டிசிடி, என்றார். பள்ளி வயதுக் குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்தாறு பேரிடம் இது காணப்படுகிறது. அறிவுத்திறனில் குறை ஏதும் இருக்க வேண்டியதில்லை. ஒரு வேலைக்குத் தேவையான அசைவுகளை வரிசைப்படுத்தி, அளவோடு இயக்கக் கற்றுக்கொள்வதில்தான் சிக்கல். சிறு குழந்தைகளின் வளர்ச்சி வேகம் பலவாறாக இருக்கும் என்பதால் ஐந்து வயதுக்கு முன் இதைப் பெரும்பாலும் உறுதிசெய்வதில்லை என்பதையும் அவர் விளக்கினார். ஆக்குபேஷனல் தெரபிக்குப் பரிந்துரைக் கடிதமும் அவரே கொடுத்தார்.

வீட்டில் இந்தப் பெயரைச் சொன்னதும், ஆறு வயதுப் பிள்ளைக்கு என்ன தொழில் கற்றுக்கொடுக்கப் போகிறார்கள் என்று என் அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆக்குபேஷன் என்ற சொல் இங்கே குறிப்பது சம்பாதிக்கும் தொழிலை அன்று. ஒருவருடைய நாளை நிரப்பும் வேலைகள் அனைத்தையும். குழந்தைக்கு அது உண்பது, உடுத்துவது, குளிப்பது, விளையாடுவது, எழுதுவது. இந்தியாவில் இந்தத் துறைக்கான முதல் பயிற்சிப் பள்ளி 1950-இல் கமலா நிம்ப்கரின் முயற்சியால் மும்பையில் தொடங்கியது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் பிசியோதெரபி அளவுக்கு இது மக்களிடம் சென்று சேரவில்லை என்பது எனக்கு வருத்தமே.

முதலில் சென்ற இடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வண்ண வண்ணமான ஊஞ்சல்கள், பந்துகள் நிரம்பிய தொட்டி, குதிக்கும் மெத்தை என்று பார்த்தவுடன் நம்பிக்கை தரும் அறை அது. பிள்ளையை உள்ளே விட்டுவிட்டுக் கதவுக்கு வெளியே காத்திருக்க வேண்டும். நாற்பத்தைந்து நிமிடம் கழித்து வெளியே வருவாள். மகிழ்ச்சியாகத்தான் வருவாள். நான்கு மாதம் கழித்தும் பொத்தான் போட வரவில்லை. எந்த வேலையைக் குறிவைத்துப் பயிற்சி தருகிறீர்கள் என்று கேட்டபோது, புலன்கள் சீரானால் எல்லாம் தானாக வரும் என்ற பதில் கிடைத்தது.

இப்போது செல்லும் மையத்தில் முதல் நாள் ஊஞ்சலைக் காட்டவில்லை. காலையில் எழுந்ததிலிருந்து பள்ளி வேன் ஏறும்வரை என்ன நடக்கிறது என்று தெரபிஸ்ட் முக்கால் மணி நேரம் கேட்டார். எந்த இடத்தில் சண்டை வருகிறது, யார் ஊட்டுகிறார்கள், குளியலறைக் குழாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதுவரை குறித்துக்கொண்டார். பிறகு எங்களுக்கு முக்கியமான ஐந்து வேலைகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, ஒவ்வொன்றையும் அவள் இப்போது எவ்வளவு நன்றாகச் செய்கிறாள், அது எங்களுக்கு எவ்வளவு நிறைவளிக்கிறது என்று ஒன்றிலிருந்து பத்துவரை மதிப்பெண் போடச் சொன்னார். கனடாவில் உருவாகிப் பல நாடுகளில் பயன்படும் அளவீட்டு முறை அது. இரண்டு மதிப்பெண் உயர்ந்தால் கவனிக்கத்தக்க முன்னேற்றம் என்று கொள்கிறார்கள். நாங்கள் பொத்தான், உணவு, எழுத்து, காலணி நாடா என்று நான்கைச் சொன்னோம். ஐந்தாவதை அவர் எங்களிடம் கேட்கவில்லை, குனிந்து என் மகளிடம், "உனக்கு என்ன நல்லா செய்யணும்னு ஆசை, கண்ணு?" என்று கேட்டார். "பாண்டி" என்றாள். எங்கள் தெருப் பிள்ளைகள் மாலையில் கட்டம் போட்டு நொண்டியடித்து ஆடும்போது இவள் சில்லை எடுத்துக் கொடுப்பவளாக மட்டுமே நின்றிருக்கிறாள் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

பயிற்சி நடந்த விதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கடைசித் துண்டிலிருந்து கற்பித்த முறை. பொத்தானைத் துளையில் பாதி நுழைத்துவிட்டு, மறுபக்கம் இழுக்கும் வேலையை மட்டும் அவளிடம் விட்டார். எப்போதும் கடைசிக் கட்டத்தை அவளே முடிப்பதால், ஒவ்வொரு முறையும் வேலை அவள் கையால் நிறைவேறியது. அது பழகியதும் நுழைப்பதையும், அதன் பின் துளையைத் தேடிப் பிடிப்பதையும் ஒவ்வொன்றாக அவளிடம் ஒப்படைத்தார். கழுத்தருகே உள்ள பொத்தானைக் கண்ணால் பார்க்க முடியாது என்பதால் வயிற்றருகே உள்ள பொத்தானிலிருந்து தொடங்கி மேலே ஏறச் சொன்னார். நாங்களோ அதுவரை மேலிருந்து கீழாகத்தான் போடச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

உணவுப் பயிற்சிக்கு மையத்தின் பொம்மைத் தட்டு பயன்படவில்லை. வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டுவரச் சொன்னார். விரல்களைப் பார்ப்பதற்கு முன் அவர் கால்களைப் பார்த்தார். நாற்காலியில் அவள் கால்கள் தரையைத் தொடாமல் தொங்கின. இடுப்பும் தோளும் நிலைகொள்ளாதபோது, விழாமல் இருப்பதற்கே உடலின் முயற்சி செலவாகிவிடும்; விரல்களின் நுணுக்கமான அசைவுக்கு அடித்தளம் கிடைக்காது என்று விளக்கிவிட்டு, காலடியில் ஒரு பலகையை வைத்தார். தரையில் சம்மணமிட்டு உண்ணும் நாட்களில் முதுகைச் சுவரில் சாய்த்து உட்காரவைக்கச் சொன்னார். உணவையும் படிப்படியாக மாற்றினோம். முதலில் இட்லியைப் பிட்டுச் சட்னியில் தொட்டுக்கொள்வது. பிறகு கெட்டியாகப் பிசைந்த தயிர்சோறு, ஏனென்றால் அது விரலோடு ஒட்டி உருண்டையாக நிற்கும். அதன் பின் சாம்பார் சோறு. கடைசியாக ரசம் சோறு. கரண்டி கொடுத்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுமே என்று நான் கேட்டேன். பள்ளியில் வேண்டுமானால் கொடுங்கள், ஆனால் திருமணப் பந்தியில் இலை முன் உட்காரும்போது அவள் தனித்துத் தெரியக் கூடாது என்று நீங்கள்தானே முதல் நாள் சொன்னீர்கள் என்று அவர் நினைவூட்டினார். நாங்கள் சொன்ன ஒரு வாக்கியத்தை ஆறு வாரங்கள் கழித்தும் ஒருவர் நினைவில் வைத்திருந்தது எங்களை நெகிழவைத்தது.

வீட்டுக்குக் கொடுத்த பயிற்சிகளும் எங்கள் வீட்டுக்குள்ளிருந்தே எடுக்கப்பட்டவை. பட்டாணி உரிப்பது, முருங்கைக் கீரை உருவுவது, புளியங்கொட்டையை வைத்துப் பல்லாங்குழி ஆடுவது ஆகியவற்றை என் அம்மாவிடம் ஒப்படைத்தார். அப்பாயியும் பேத்தியும் மாலை வேளையில் அரை மணி நேரம் இதில் ஈடுபடுகிறார்கள். சிகிச்சை என்று சொல்லி எதையும் திணிக்க வேண்டியிருக்கவில்லை. எழுத்துக்காக மெழுகு வண்ணக்கட்டிகளைச் சிறு துண்டுகளாக உடைத்துத் தரச் சொன்னார். சிறிய துண்டை உள்ளங்கையால் பற்ற முடியாததால் விரல் நுனிகள் தாமாகவே வேலைக்கு வருகின்றன.

பாண்டிக்கு வேறு முறையைக் கையாண்டார். என்ன செய்யப் போகிறேன், எப்படிச் செய்வேன், செய்து பார்க்கிறேன், சரியாக வந்ததா என்ற நான்கு படிகளைக் குழந்தை தானே தனக்குச் சொல்லிக்கொள்ளும் முறை அது. இதையும் கனடாவில், குறிப்பாக டிசிடி உள்ள குழந்தைகளை மனத்தில் வைத்தே உருவாக்கினார்கள். விடையை அவர் சொல்லவே இல்லை. குதிக்கும்போது கீழே பார்த்தால் சாய்கிறோம், அடுத்த கட்டத்தைப் பார்த்தால் சாய்வதில்லை என்பதை என் மகளே மூன்றாம் வாரம் கண்டுபிடித்தாள்.

ஊஞ்சல் இந்த மையத்திலும் இருக்கிறது. ஊஞ்சல் போன்றவற்றின் வழியே தொடுதல், சமநிலை முதலிய புலன்களைச் சீராக்கினால் திறன்கள் வளரும் என்பதே புலன் ஒருங்கிணைப்பு; அந்தக் கருத்தை உருவாக்கியவர் ஜீன் ஏர்ஸ் என்ற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். 1972-இல் வெளிவந்த அவருடைய நூலுக்குப் பின் அது பரவலானது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012-இல் வெளியிட்ட அறிக்கையில், இதன் பயனுக்கான சான்றுகள் குறைவாகவே இருப்பதைப் பெற்றோரிடம் சொல்ல வேண்டும் என்று மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. குழந்தை செய்ய வேண்டிய வேலையையே நேரடியாகப் பயிற்றுவிக்கும் முறைகளுக்கு இன்று வலுவான சான்றுகள் இருக்கின்றன. ஓசைக்கும் தொடுதலுக்கும் மிகையாக அஞ்சும் பிள்ளைகளுக்குப் புலன்சார்ந்த உதவி தேவைப்படலாம் என்பதை நான் மறுக்கவில்லை. என் மகளின் தேவை அது இல்லை என்று இங்கே முதல் மாதத்திலேயே வெளிப்படையாகச் சொன்னார்கள். அந்த நேர்மைக்காகவே இந்த மையத்தைப் பிறரிடம் துணிந்து சொல்கிறேன்.

இனி குறைகள். மையம் முதல் மாடியில் இருக்கிறது. மின்தூக்கியோ சாய்தளமோ இல்லை. பெருமூளை வாதம் உள்ள பத்து வயதுச் சிறுவனை அவனுடைய தாய் இடுப்பில் சுமந்து ஏறுவதை வாரந்தோறும் பார்க்கிறேன். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனியார் சேவைகளுக்கும் அணுகல்வசதியைக் கட்டாயமாக்கியிருக்கும்போது, சிகிச்சை மையமே இப்படி இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இருமுறை எழுதிக் கொடுத்தும் மாற்றம் இல்லை. அடுத்தது, ஆறாம் மாதத்தில் எங்கள் தெரபிஸ்ட் வேலையை விட்டுச் சென்றபோது அவருடைய குறிப்புகள் புதியவரிடம் முழுமையாகப் போய்ச் சேரவில்லை; ஐந்து வாரங்கள் பழைய பாடத்தையே திரும்பச் செய்தோம். சனிக்கிழமைகளில் கூட்டம் அதிகமாகி, நாற்பத்தைந்து நிமிட அமர்வு சில நேரம் முப்பத்தைந்தாகச் சுருங்குகிறது. ஒரு அமர்வுக்கு அறுநூறு ரூபாய் கொடுக்கும் குடும்பத்துக்கு அந்தப் பத்து நிமிடம் சிறியதன்று.

கட்டணம் தாங்காதவர்கள் அரசு வழியையும் அறிந்திருக்க வேண்டும். 2013-இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ், பிறந்ததிலிருந்து பதினெட்டு வயதுவரை உள்ள பிள்ளைகளின் குறைபாடுகளைச் சீக்கிரமே கண்டறிந்து உதவும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் இலவசமாக இயங்குகின்றன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறன் மேம்பாட்டு நிறுவனமும் இருக்கிறது. தனியாரிடம் சென்றால், பயிற்சி தருபவர் ஆக்குபேஷனல் தெரபியில் பட்டம் பெற்றவரா என்று தயங்காமல் கேளுங்கள். நான்கு ஆண்டுப் படிப்பும் அதன் பின் மருத்துவமனைப் பயிற்சியும் முடித்தவருக்கும், சில வார வகுப்பு முடித்த உதவியாளருக்கும் உள்ள வேறுபாட்டைச் சுமப்பது நம் பிள்ளைதான். எங்கள் மையத்தில் சான்றிதழ்கள் வரவேற்பறைச் சுவரிலேயே மாட்டப்பட்டுள்ளன. பெற்றோர் உள்ளே அமர்ந்து பார்க்கவும் அனுமதி உண்டு.

பத்தாம் மாத மறுமதிப்பீட்டில் பொத்தான் இரண்டிலிருந்து ஏழுக்கும், உணவு மூன்றிலிருந்து எட்டுக்கும் உயர்ந்தன. எழுத்து மூன்றிலிருந்து ஐந்துக்கு வந்திருக்கிறது; நீண்ட பத்தி எழுதினால் இன்னும் கை வலிக்கிறது. பாண்டியில் அவளே தனக்கு ஒன்பது போட்டுக்கொண்டாள். நான் ஆறு என்றேன், அவளுடைய மதிப்பெண்ணே கோப்பில் ஏறியது. காலணி நாடா மட்டும் ஒன்றிலேயே நின்றுவிட்டது. ஒட்டுப்பட்டை வைத்த காலணிக்குப் பள்ளியில் அனுமதி பெறக் கடிதம் எழுதிக் கொடுத்து, இப்போதைக்கு அதை ஒத்திவைப்போம் என்றார் புதிய தெரபிஸ்ட். பிள்ளையை மாற்ற முயல்வது போலவே பொருளை மாற்றுவதும் இந்தச் சிகிச்சையின் பகுதிதான் என்று அவர் சொன்னதில் எனக்கு உடன்பாடு உண்டு.

காலியான அந்த இடத்தில், தன் சடையைத் தானே பின்னிக்கொள்வதை எழுதச் சொல்லியிருக்கிறாள் மகள். அதற்காக மூன்று நிறத் துணிப் பட்டைகளை ஜன்னல் கம்பியில் கட்டியிருக்கிறோம். சிவப்பு நடுவில் வர வேண்டும், பிறகு மஞ்சள் என்று சொல்லிக்கொண்டே தினமும் மாலையில் பின்னிப் பார்க்கிறாள்.