பதிப்பகத்துக்காகக் காத்திருப்பதா, சொந்தக் காசில் அச்சிடுவதா? பீட்ரிக்ஸ் பாட்டர், டாக்டர் ஸூஸ் போன இரண்டு பாதைகள்

சிறார் கதை எழுதிக் கையில் வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். பதிப்பகம் எடுத்துக்கொள்ளும்வரை பொறுத்திருக்கலாமா, இல்லை கைக்காசைப் போட்டு அச்சிட்டுவிடலாமா? பொத்தாம்பொதுவாக இதற்குப் பதில் சொல்ல முடியாது. சிறார் கதை எழுதிய இரண்டு பேரை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். இங்கிலாந்தின் பீட்ரிக்ஸ் பாட்டர் இரண்டு வழியிலும் போனவர், அதுவும் ஒரே புத்தகத்துக்கு. அமெரிக்காவின் டாக்டர் ஸூஸ் பதிப்பகத்தை மட்டுமே நம்பி நின்றவர்.

பாட்டரின் பீட்டர் முயல் கதை 1893 செப்டம்பரில் ஒரு படக்கடிதமாகத்தான் பிறந்தது. தனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியையின் ஐந்து வயது மகன் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தான், அவனுக்கு எழுதிய கடிதம் அது. பல வருடம் கழித்து அதே கடிதத்தை அவனிடமிருந்து வாங்கி, கதையை விரித்து எழுதி அனுப்பினார். குறைந்தது ஆறு பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. கதை பிடிக்கவில்லை என்பதைவிட வடிவத்தில்தான் இழுபறி அதிகம். பதிப்பாளர்கள் பெரிய புத்தகமாகக் கேட்டார்கள், பாட்டருக்கோ குழந்தையின் கைக்குள் அடங்கும் சின்னப் புத்தகம் வேண்டும், விலையும் ஒரு ஷில்லிங்கைச் சுற்றி இருக்க வேண்டும். குட்டி முயல்களால் ஒரு புத்தகத்துக்கு ஆறு ஷில்லிங் கொடுக்க முடியாது என்று ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். யார் வாங்கப்போகிறார்கள் என்பது அவருக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்திருந்தது.

1901 டிசம்பரில் தன் சேமிப்பிலிருந்து 250 பிரதிகள் அச்சிட்டார். ஒரு பக்கம் படம், எதிர்ப்பக்கம் சில வரிகள் மட்டும், குழந்தை படத்தைப் பார்த்து முடிக்கும்போது படித்துக் காட்டுபவரும் முடித்துவிடலாம். முகப்புப் படம் மட்டும் வண்ணம், மற்றதெல்லாம் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியம். கொஞ்சம் பேருக்குச் சும்மா கொடுத்தார், மற்றவர்களுக்கு விற்றார். ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டாயில்கூடத் தன் குழந்தைகளுக்காக ஒரு பிரதி வாங்கினார். இரண்டு மாதத்துக்குள் இன்னும் 200 பிரதி அடிக்க வேண்டியதாயிற்று.

இதற்கு நடுவில், முதலில் வேண்டாம் என்ற ஃப்ரெடரிக் வார்ன் நிறுவனமே இறங்கி வந்தது. ஒரே நிபந்தனை, எல்லாப் படங்களும் வண்ணத்தில் இருக்க வேண்டும். பாட்டர் முன்பு வண்ணத்தை ஒதுக்கியதற்கு இரண்டு காரணம்: அச்சுச் செலவு, அப்புறம் முயல் பழுப்பும் பச்சையுமே பக்கத்துக்குப் பக்கம் வந்தால் சப்பென்று இருக்கும் என்ற நினைப்பு. இந்த விஷயத்தில் பதிப்பகம் சொன்னதுதான் சரி என்பேன். பீட்டர் முயலின் அந்த நீலச் சட்டையை வண்ணமில்லாமல் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. 1902 அக்டோபரில் வந்த வார்ன் பதிப்பின் முதல் 8,000 பிரதிகள் வெளியாவதற்கு முன்பே விற்றுப்போயின, வருடக் கடைசிக்குள் 28,000 பிரதிகள் அச்சாகிவிட்டன. தனியாள் என்ன முட்டி மோதினாலும் அந்தக் காலத்தில் அத்தனை கடைகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்க முடியாது.

ஆனால் கதை இங்கே முடிந்துவிடவில்லை. அந்த வெற்றிக்குப் பிறகும் அதே 1902 டிசம்பரில் 'குளோஸ்டர் தையல்காரர்' கதையை பாட்டர் மறுபடியும் தன் செலவிலேயே 500 பிரதி அச்சிட்டார். அந்தக் கதை நிறையப் பழைய நாட்டுப்புறப் பாட்டுகள் வரும் நீளமான கதை, பதிப்பகத்திடம் கொடுத்தால் வெட்டச் சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியும். அப்படியே நடந்தது, 1903-இல் வந்த வார்ன் பதிப்பில் பல பாட்டுகள் இல்லை. தனக்கு மிகவும் பிடித்தது என்று அவர் சொன்ன புத்தகம் இதுதான். கதவு திறக்காதவர்களின் கடைசிப் புகலிடம் சொந்த அச்சு என்று நம்மூரில் இன்னமும் நினைக்கிறோம், கதவு அகலத் திறந்திருந்தபோதும் ஒருவர் அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

சரி, ஸூஸுக்கு வருவோம். 1936-இல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்பும்போது எஞ்சின் சத்தத்தின் தாளத்தில் பிறந்தது அவரது முதல் சிறார் புத்தகம். இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் நிராகரித்தன. பிறகு நியூயார்க்கின் மேடிசன் அவென்யூவில் நடந்து போகும்போது பழைய கல்லூரி நண்பர் எதிர்ப்பட்டார், அவர் அப்போதுதான் வான்கார்ட் பிரஸ்ஸில் சிறார் நூல்களுக்குப் பதிப்பாசிரியராகச் சேர்ந்திருந்தார். 1937-இல் புத்தகம் வந்துவிட்டது. தெருவின் எதிர்ப்பக்கம் நடந்திருந்தால் தான் எழுத்தாளராகியிருக்க மாட்டேன் என்று ஸூஸே பின்னாளில் சொல்லியிருக்கிறார். காத்திருக்கும் பாதையில் இந்த அளவுக்கு அதிர்ஷ்டம் கலந்திருக்கிறது.

அந்தப் பாதை தரும் ஒன்று சொந்த அச்சில் கிடைக்கவே கிடைக்காது: வெளியிலிருந்து வரும் கண். ஹௌட்டன் மிஃப்ளின் பதிப்பகத்தில் பாடநூல்களைக் கவனித்த வில்லியம் ஸ்பால்டிங், குறிப்பிட்ட சொல்பட்டியலுக்குள், முதல் வகுப்புக் குழந்தை கீழே வைக்க மனம் வராத ஒரு கதை எழுதித் தரச் சொன்னார். அந்தக் கெடுபிடியில்தான் 236 வெவ்வேறு சொற்களே கொண்ட 'தொப்பி போட்ட பூனை' 1957-இல் வந்தது. தானாக உட்கார்ந்து எழுதியிருந்தால் ஸூஸ் அந்தக் கட்டுக்குள் போயிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

பணத்தையும் மறைக்காமல் பேச வேண்டும். பாட்டர் வசதியான வீட்டுப் பெண், கையில் சேமிப்பும் இருந்தது. ஸூஸுக்கு 'ஃப்ளிட்' பூச்சிமருந்து விளம்பரங்கள் சோறு போட்டன, அதனால் காத்திருக்க முடிந்தது. இரண்டு பேருக்குமே புத்தகத்தை நம்பி அடுப்பு எரியவில்லை. வீட்டு நகையை அடகு வைத்து ஆயிரம் பிரதி அடிப்பவருக்கு பாட்டரை உதாரணம் காட்டுவது நியாயமே இல்லை.

என் கணிப்பு இது: புத்தகத்தின் அளவு, படம், பக்கம் புரளும் இடம் வரை உங்களுக்குத் தீர்மானமாகத் தெரிந்தால் நூறு, இருநூறு பிரதி சொந்தமாக அடியுங்கள், பின்னால் பதிப்பாளரிடம் போகும்போது அந்தப் பிரதியே உங்களுக்காகப் பேசும். கதை இருக்கிறது, வடிவம் பிடிபடவில்லை என்றால் நல்ல பதிப்பாசிரியர் இருக்கும் பதிப்பகத்துக்காகக் காத்திருப்பதே மேல். எந்த வழியானாலும் உரிமைகள் யாரிடம் என்று எழுத்தில் இருக்கட்டும். பீட்டர் முயல் பொம்மையைத் தானே தைத்து 1903 டிசம்பரில் காப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்தவர் பாட்டர். ஆனால் அமெரிக்காவில் புத்தகத்தின் பதிப்புரிமையைப் பதிவு செய்யாமல் விட்டது வார்ன். 1904-லேயே அங்கே திருட்டுப் பதிப்பு வந்துவிட்டது, அதில் பாட்டருக்கு ஒரு சல்லிக்காசும் வரவில்லை.