நிப்பிசிங் ஏரியில் பிக்கரல் பிடிக்க ஒரு கோடை நாள்: வழிகாட்டிப் படகுச் சேவை பற்றிய மதிப்பீடு

ஒன்ராறியோவின் வடபகுதியிலுள்ள நிப்பிசிங் ஏரியில் கோடைகாலத்தில் மீன்பிடிக்கப் போகிறவர்கள், வழிகாட்டியோடு கூடிய படகை அமர்த்துவதற்குப் பணம் செலவழிக்கலாமா என்று என்னிடம் அடிக்கடி கேட்பதுண்டு. கடந்த ஜூலை மூன்றாம் வாரத்தில் நானும் என் மனைவியின் தம்பியும் 11 வயதான என் மகனும் ஸ்காபரோவிலிருந்து ஏறத்தாழ 340 கிலோமீற்றர் காரில் சென்று, ஏரியின் தெற்குக் கரையிலிருந்து இயங்கும் ஒரு சிறிய படகுச் சேவையில் எட்டு மணி நேரம் கழித்தோம். மூவருக்கும் சேர்த்து 550 டாலரும் வரியும் ஆனது. பிக்கரல் என்று இங்கே சொல்லும் நன்னீர் மீன்கள் 14 தூண்டிலில் ஏறின. அவற்றில் நான்கை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். செலவழித்த பணம் வீணாகவில்லை என்பதே என் முடிவு. சில குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் சேவையின் பெயரை இங்கே குறிக்கவில்லை.

இந்தச் சேவையை நான் மதிப்பதற்கு முதற்காரணம் படகோ கருவியோ இல்லை, எங்களை வர வேண்டாம் என்று சொன்ன ஒரு தொலைபேசி அழைப்பு. அதன் அருமை தெரிய வேண்டுமானால் முந்தைய ஆண்டின் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு ஜூன் மாதக் கடைசியில் வேறொரு சேவையிடம் முன்பதிவு செய்து போயிருந்தோம். ஏரிக்கரையிலுள்ள நோர்த் பே நகருக்குள் நுழைந்தபோதே கடைக் கண்ணாடிகளிலும் தெருவிளக்குக் கம்பங்களிலும் ஷாட்ஃபிளை என்று உள்ளூரார் சொல்லும் பூச்சிகள் அப்பிக் கிடந்தன. நடந்தால் காலடியில் நொறுங்கின; தெருவெங்கும் மீன்வாடை வீசியது. ஏரியின் அடிச்சேற்றில் ஓரிரு ஆண்டுகள் சிறகில்லாமல் வாழும் இந்தப் பூச்சிகள், கோடை தொடங்கும்போது கூட்டங்கூட்டமாக மேலெழுந்து, சிறகு பெற்று, ஒன்றுமே உண்ணாமல் இணைசேர்ந்து முட்டையிட்டு, ஓரிரு நாளில் மடிந்துவிடுகின்றன. மழைக்குப் பிறகு புற்றீசல் கிளம்புவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சி புதியதாக இராது. ஏரி நலமாக இருப்பதற்கு அது நல்ல அறிகுறி என்றாலும், தூண்டில்காரனுக்கு அது கெட்ட காலம். அடியிலிருந்து மேலே வரும் இளம்பூச்சிகளை வயிறு முட்டத் தின்றுவிட்ட பிக்கரல், தூண்டில் இரையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அன்று மாலை வரை படகில் இருந்தும் எங்களுக்குக் கிடைத்தவை கையளவுப் பேர்ச் மீன்கள் இரண்டுதான். முன்பதிவின்போது இதைப் பற்றி அந்தச் சேவையினர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏரிக்கரையிலேயே தொழில் செய்பவர்களுக்கு அது தெரியாமல் இருந்திருக்க முடியாது.

இந்த ஆண்டு நான் ஜூலை முதல் வாரத்தைக் கேட்டபோது புதிய சேவையின் வழிகாட்டி தாமாகவே அழைத்து, பூச்சி இன்னும் முழுமையாக ஓயவில்லை, பத்து நாள் பொறுத்து வந்தால் நல்லது, முற்பணம் அப்படியே இருக்கும் என்றார். அந்த வாரத்துக்கு வேறு ஆள் கிடைப்பது நிச்சயமில்லாதபோதும் அவர் அப்படிச் சொன்னார்.

நாங்கள் போன நாளில் நீரின் மேற்பரப்பு வெப்பம் 22 பாகை இருந்தது. வானம் மூடியிருந்தது; மேற்கிலிருந்து காற்று வீசியது. எங்கள் ஊரில் கச்சான் என்று சொல்லும் இந்தக் காற்றுத்தான் நிப்பிசிங் ஏரியில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஏறத்தாழ 870 சதுர கிலோமீற்றர் பரந்த ஏரியாக இருந்தாலும் இதன் சராசரி ஆழம் 4.5 மீற்றர்தான். மேற்குக் கிழக்காக நீண்டு கிடக்கும் இவ்வளவு ஆழமற்ற நீரில் கச்சான் சற்று வலுத்தாலும் குறுகிய, செங்குத்தான அலைகள் மிக விரைவில் எழுந்துவிடும். காலையில் கண்ணாடிபோல் கிடந்த நீர் பத்து மணிக்குச் சிறு படகைத் தூக்கிப் போடும். எங்கள் வழிகாட்டி புறப்படுமுன் காற்று முன்னறிவிப்பைக் காட்டி, திறந்த நீரில் பதினொரு மணி வரையே இருப்போம், பிறகு மனிற்று தீவுகளின் மறைவுக்குப் போய்விடுவோம் என்று திட்டத்தைச் சொன்னார், சொன்னபடியே செய்தார். மகனின் உடலளவுக்குப் பொருந்தும் உயிர்காப்பு அங்கியை அவரே அணிவித்து, தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பார்த்துச் சரிசெய்த பிறகுதான் இயந்திரத்தை முடுக்கினார்.

சிற்றலை பிக்கரல் பிடிக்க உகந்தது என்பதை அவர் மகனுக்கு விளக்கியது நன்றாக இருந்தது. இந்த மீனின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருப்பதால், பூனையின் கண்ணைப் போல மங்கலிலும் அதற்குப் பார்வை தெளிவாக இருக்கும். வெயில் கொளுத்தும்போது அது ஆழத்துக்கோ நீர்ச்செடிகளின் நிழலுக்கோ ஒதுங்கிவிடும். அந்தியிலும் விடியலிலும், அலையும் மேகமும் வெளிச்சத்தைக் குறைக்கும் வேளையிலும் இரை தேடி வரும். நாங்கள் ஆறு மீற்றர் ஆழத்தில் ஒரு பாரின் (நீருக்கடியில் உள்ள பாறைத்திட்டின்) ஓரமாக, நடப்பதைவிடவும் மெதுவாகப் படகை நகர்த்தினோம். ஈயக் குண்டு கோத்த வளைந்த கம்பி ஒன்று அடிப்பாறையைத் தட்டித் தட்டிச் செல்ல, அதன் பின்னால் ஒரு மீற்றர் தங்கூசியில் (தூண்டில் இழையில்) சுழலும் சிறு தகடும் இரண்டு தூண்டில் முட்களில் நீட்டிக் கோத்த மண்புழுவும் தொடர்ந்து வரும். பாறையில் இடிப்பதும் மீன் கவ்வுவதும் தொடக்கத்தில் ஒன்றுபோலவே தோன்றும். இடிப்பு வெட்டென்று வந்து விலகும். மீன் பிடித்தால் ஈரத்துணியொன்று சிக்கிக்கொண்டதைப் போல ஒரு கனம் ஏறும். அந்தக் கனத்தை உணர்ந்ததும் இழுக்காமல், தடியின் நுனியைச் சற்றுப் பின்னால் விட்டுக்கொடுத்து, இரண்டு எண்ணும் நேரம் பொறுத்துப் பிறகு உயர்த்த வேண்டும். மகன் இதை மூன்றாவது மீனிலேயே பிடித்துக்கொண்டான். எனக்கு நண்பகல் ஆயிற்று.

இந்த ஏரியில் 2014 முதல் 46 சென்ரிமீற்றருக்குக் குறைந்த பிக்கரலை வைத்திருக்கக் கூடாது. ஒருவருக்கு இரண்டு மீன் மட்டுமே. பிக்கரலின் தொகை கவலைக்குரிய அளவில் குறைந்துபோனதால், இளம் மீன்கள் ஒரு முறையாவது முட்டையிட்டுப் பெருகட்டும் என்று வகுத்த விதி அது. மைத்துனர் பிடித்த ஒரு மீனை வழிகாட்டி நனைத்த கைகளால் ஏந்தி அளவுபலகையில் வைத்து, வாயை மூடி, வாலின் இரு மடல்களையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். பொன்னும் பச்சையும் கலந்த உடம்பு, கீழ்மடலின் நுனியில் பால்போல் ஒரு வெள்ளைப் புள்ளி, 45.5 சென்ரிமீற்றர். "அத்தான், அரைச் சென்ரிமீற்றர்தானே, கேட்டுப் பாருங்கோ" என்றார் மைத்துனர். நான் கேட்க வாயெடுப்பதற்குள் மீன் நீருக்குள் போய்விட்டது. பிடித்த 14இல் பத்து அப்படித் திரும்பிப் போனவை. வடகரையில் வாழும் நிப்பிசிங் முதற்குடியினர் தங்கள் வலைமீன்பிடியைத் தங்கள் சொந்தச் சட்டத்தால் ஒழுங்குபடுத்துகிறார்கள் என்பதையும், 2016இல் மாகாண அரசுடன் அவர்கள் புரிந்துணர்வு உடன்பாடு செய்துகொண்டதையும் வழிகாட்டி மரியாதையோடு எடுத்துச் சொன்னார். ஏரியின் மீன் குறைந்ததற்கு ஒரு சாராரை மட்டும் குறை சொல்லிப் பேசும் படகுகளிலும் நான் ஏறியிருப்பதால், அது எனக்கு நிறைவளித்தது.

பிக்கரலைத் தவிர இரண்டு பைக் மீன்களும் ஒரு பாஸும் கிடைத்தன, அவற்றை விட்டுவிட்டோம்.

மாலையில் கரைக்கு வந்ததும் வழிகாட்டிகள் வழக்கமாக மீனின் இரு பக்கச் சதையை மட்டும் அரிந்தெடுத்துத் தலையையும் முள்ளையும் ஒதுக்கிவிடுவார்கள். அளவு விதி உள்ள ஏரியிலிருந்து மீனை வீட்டுக்கு எடுத்துச் செல்லும்போது அதன் நீளத்தை அளக்கக்கூடியதாக வைத்திருக்க வேண்டும் என்பதால், முழு மீனாகக் கொண்டுசெல்வதே நமக்கு நல்லது. தலையில்லாமல் சொதி வைக்க எங்கள் வீட்டில் எவரும் உடன்படப் போவதில்லை என்பதால் அந்த விதி எங்களுக்கு வசதியாகவே அமைந்தது. அவர் குடலையும் செவுளையும் மட்டும் அகற்றி, பனிக்கட்டிக்கு நடுவே அடுக்கித் தந்தார். பெரிய மீன்களில் பாதரசம் கூடுதலாகச் சேர்ந்திருக்கும் என்பதால், பிள்ளைகளும் கருவுற்ற பெண்களும் எந்த அளவு மீனை எத்தனை முறை உண்ணலாம் என்பதை மாகாண அரசின் மீன் உணவு வழிகாட்டியில் பார்த்துக்கொள்வது அவசியம்.

இனிக் குறைகள். பாறையில் சிக்கி அறுந்த தூண்டில் தொகுதி ஒவ்வொன்றுக்கும் ஐந்து டாலர் என்று கடைசியில்தான் சொன்னார்கள். நாங்கள் ஆறு இழந்திருந்தோம். தொகை பெரிதில்லை, ஆனால் அதை முன்பதிவின்போதே எழுதிக் காட்டியிருக்க வேண்டும். படகில் நிழல் இல்லை, கழிப்பிட வசதியும் இல்லை. கேட்டால் தீவுக் கரையில் இறக்கிவிடுகிறார்கள் என்றாலும், பெண்களும் முதியவர்களும் எட்டு மணி நேரம் அப்படிச் சமாளிப்பது கடினம்.

இந்தக் குறையைச் சொன்னபோது, கூரையுள்ள அகலமான படகு ஒன்றும் தங்களிடம் இருப்பதாகவும், அதை நான்கு மணி நேரத்துக்கும் அமர்த்தலாம் என்றும் சொன்னார்கள். அடுத்த ஜூலை மூன்றாம் வாரத்துக்கு அதற்கே முற்பணம் கட்டியிருக்கிறோம். அதில் மாமாவையும் அழைத்துப் போகிறோம். 65 வயதைக் கடந்த ஒன்ராறியோவாசி என்பதால் அவருக்கு மீன்பிடி உரிமம் வாங்க வேண்டியதில்லை, அடையாள அட்டை போதும். பருத்தித்துறைக் கடலில் சிறுவயதில் கைத்தங்கூசியால் மீன்பிடித்தவர் அவர். தடியும் சுழலியும் வேண்டாம், கையாலேயே விடலாமா என்று இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார்.