நாலு துண்டு தண்டவாளத்தில் தெமோதரை

ஹட்டனில் என் அறைக்குள் தெமோதரை ரயில் வளைவை மாதிரி ரயில் பாதையாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். எட்டடிக்கு நாலடி பிளைவுட், எச்ஓ அளவு, அதாவது நிஜ ரயிலின் 87இல் ஒரு பங்கு. அதற்காகக் கொழும்புக் கடையொன்றில் வளையும் தண்டவாளம் வாங்கினேன். துண்டு ஒன்று 91 சென்டிமீட்டர், மொத்தம் நாலு.

பதுளைக்கு இறங்கும் பாதை தெமோதரையில் மலையைச் சுற்றிவந்து, அதே ஸ்டேஷனுக்கு அடியில் சுரங்கத்துக்குள் நுழைகிறது. என் மாதிரியில் 56 சென்டிமீட்டர் ஆரத்தில் ஒரு சுற்று 352 சென்டிமீட்டர். மலையகப் பாதையின் 44க்கு 1 சரிவையே வைத்தால் 8 சென்டிமீட்டர் உயரம் கிடைக்கிறது. ஸ்டேஷன் பலகையை மெல்லிசாகப் போட்டால் பெட்டி முட்டாது. இந்தக் கணக்கு சரிவந்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

சாமான் அருமை. வளைக்கும்போது இரண்டு கம்பிகளில் ஒன்று குறுக்குக் கட்டைகளுக்குள் வழுக்கி நகர்கிறது. உள்பக்கம் நீளும் மிச்சத்தை அறுத்து, அரத்தால் தேய்க்க வேண்டும். வளைத்த பிறகு இணைத்தால் மூட்டு கோணலாகிவிடும். நேராக வைத்து இரண்டு துண்டை ஈயப்பற்று வைத்துவிட்டு, அப்புறம் வளையுங்கள். நிக்கல் சில்வர் என்ற கலப்பு உலோகம் என்பதால் எங்கள் மூடுபனிக்கும் துருப்பிடிக்கவில்லை.

ஒரு துண்டு மட்டும் நுனி நெளிந்து வந்தது. மாற்றித் தரச் சொன்னேன், கடையில் மறுத்துவிட்டார்கள். அது பெரிய மனவருத்தம். வாங்கும்போது மேசையில் வைத்து, கண்ணைத் தண்டவாளத்தோடு ஒட்டி நீளவாக்கில் பாருங்கள்.

அடுத்த ஞாயிறு ஸ்பொஞ்சில் தேயிலைச் செடி நடப்போகிறேன்.