இறால் ஊறுகாயிலேயே இறால் இல்லையாம்! அலர்ஜி டெஸ்ட் ஏஜென்டிடம் உஷார்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் வீட்டிலேயே ஊறுகாய், கருவாட்டுத் தொக்கு, இறால் பொடி போட்டு விற்கிறவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். ராமநாதபுரத்தில் உணவுப் பதிவுச் சான்று எடுத்துத் தருகிற ஒரு ஏஜென்ட், "அலர்ஜி டெஸ்டும் நாங்களே பார்த்துத் தர்றோம்" என்று சாம்பிளும் பணமும் வாங்கிக்கொண்டு போலி ரிப்போர்ட் கொடுக்கிறார். எங்களுக்குக் கொடுத்தார். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரை இங்கே போடவில்லை.

எங்கள் வீட்டில் இறால் ஊறுகாய், நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு, முண்டு மிளகாய் போட்டு பூண்டுத் தொக்கு ஆகிய மூன்றும் செய்கிறோம். பூண்டுத் தொக்கு சைவம்தான். ஆனால் அதே அடுப்படி, அதே மிக்ஸி. மதுரையில் ஒரு கடைக்காரர் அதை மட்டும் கேட்டார், கூடவே ஒரு கேள்வியும் கேட்டார்: "இறால் ஒத்துக்காத ஆள் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதே? லேப் ரிப்போர்ட் இருந்தா குடுங்க." நியாயமான கேள்வி. இறால், நண்டு அலர்ஜிக்குப் பெரும்பாலும் காரணம் டிரோபோமயோசின் என்கிற புரதம். கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அது லேசில் சிதையாது. சிலருக்குத் துளி பட்டாலே உதடு வீங்கி மூச்சு முட்டும். இதில் விளையாட முடியாது.

ஏஜென்டைக் கேட்டோம். "லேபுக்கெல்லாம் நீங்க ஏண்ணே அலையணும்? கொடுத்துட்டுப் போங்க, எல்லாம் நான் அனுப்பிர்றேன்" என்றார். அலர்ஜி ரிப்போர்ட் இல்லையென்றால் பதிவுச் சான்றே ரத்தாகிவிடும் என்று மதினியிடம் ஒரு பயமுறுத்தலும் போட்டார். அப்படி ஒன்றும் கிடையாது. சின்ன அளவில் செய்கிறவர்களின் பதிவுச் சான்றுக்கு இந்த ரிப்போர்ட்டைக் கேட்பதில்லை. லேபிளில் எழுதுவதுதான் கட்டாயம். 2020 லேபிள் விதிகளின்படி இறால், நண்டு வகை, மீன், பால், முட்டை, நிலக்கடலை, முந்திரி, பாதாம் மாதிரி கொட்டைகள், சோயா, கோதுமை மாதிரி குளூட்டன் உள்ள தானியங்கள் எது சேர்ந்திருந்தாலும் போட வேண்டும். சல்பைட் (சரக்கு கெடாமல், கறுக்காமல் இருக்கச் சேர்க்கிற ரசாயனம்) கிலோவுக்கு 10 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்தால் அதையும் போட வேண்டும்.

ரெண்டே நாளில் வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் வந்தது. லேப்களுக்கு அங்கீகாரம் தருகிற தேசிய வாரியமான என்ஏபிஎல்லின் முத்திரை, கையெழுத்து, சீல் எல்லாம் பளிச்சென்று இருந்தன. மதினிதான் முதலில் பிடித்தது. "தம்பி, இறால் ஊறுகாய்லயும் இறால் இல்லைன்னு போட்டிருக்கான் பாருங்க." மூன்று சாம்பிளுக்கும் ஒரே வரி: 'கிரஸ்டேஷியன் - கண்டறியப்படவில்லை.' அதாவது இறால், நண்டு வகை எதுவும் இல்லையாம். பாட்டிலைத் திறந்தாலே முழு இறால் கண்ணில் படும், அதில் இல்லையாம்!

அப்புறம் நிதானமாக உட்கார்ந்து பார்த்தோம். சாம்பிள் விவரம் என்கிற இடத்தில் 'நிறமற்ற, தெளிந்த திரவம்' என்று இருந்தது. நம்முடையது எண்ணெய் மிதக்கிற ரத்தச் சிவப்பு. சாம்பிள் லேபுக்கு வந்த தேதி, நாங்கள் பாட்டிலுக்கு மூடி போட்ட நாளுக்கு முந்தின தேதி. எந்த முறையில் சோதித்தார்கள், எவ்வளவு வரை கண்டுபிடிக்க முடியும் என்று ஒரு வார்த்தை கிடையாது. இறால் தலை கறுக்காமல் இருக்க மெட்டாபைசல்பைட் கரைசலில் முக்குவது உண்டு, அதனால் இறால் சரக்கில் முதலில் பார்க்க வேண்டியதே சல்பைட். அந்த வரியே இல்லை.

ரிப்போர்ட்டில் இருந்த லேபின் நம்பரை ஏஜென்டிடம் வாங்காமல் என்ஏபிஎல் இணையதளத்தில் தேடி எடுத்துப் பேசினேன். அங்கே ஒரு அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சார், இந்த யூஎல்ஆர் நம்பர்ல நாங்க கொடுத்தது குடிதண்ணி ரிப்போர்ட். எங்ககிட்ட எலிசா ரீடரே கிடையாது." யூஎல்ஆர் என்பது ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் தனியாகப் போடுகிற எண். எலிசா ரீடர், அலர்ஜி புரதத்தைச் சோதிக்கிற கருவி. அவர்களுடைய தண்ணீர் ரிப்போர்ட்டை எடுத்து, மேலே ஊறுகாய் என்று ஏஜென்ட் மாற்றி எழுதியிருக்கிறார். நிறமற்ற திரவம் அப்படித்தான் அப்படியே தங்கிவிட்டது.

ஏஜென்டிடம் கேட்டதற்கு வந்த பதில்தான் எங்களை அதிகம் எரிச்சல்படுத்தியது. "லேப்ல டைப்பிங் மிஸ்டேக்ண்ணே. உங்களுக்கு எந்த ரிசல்ட் வேணும்னு சொல்லுங்க, மாத்தித் தரச் சொல்றேன்." பணத்தைக் கேட்டால் மட்டும் சிக்னல் கிடைக்காது.

ஒரு லேபுக்கு என்ஏபிஎல் அங்கீகாரம் இருக்கிறது என்பது மட்டும் போதாது. எந்தெந்தச் சோதனைக்கு அங்கீகாரம் என்று 'ஸ்கோப்' என ஒரு பட்டியல் அந்த இணையதளத்திலேயே இருக்கும். தண்ணீருக்கும் மசாலாவுக்கும் அங்கீகாரம் வாங்கிய லேபுக்கு அலர்ஜி சோதனைக்கு அங்கீகாரம் இல்லாமல் இருக்கலாம். பட்டியலில் அந்தச் சோதனை, எலிசா, பிசிஆர் மாதிரி முறையின் பெயரோடு இருக்கிறதா என்று பாருங்கள். ரிப்போர்ட்டில் யூஎல்ஆர் எண் இருந்தால் லேபுக்கே நேரடியாக அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். 'கண்டறியப்படவில்லை' என்று போட்டால் கிலோவுக்கு எத்தனை மில்லிகிராமுக்குக் கீழே என்பதும் கூட இருக்க வேண்டும். அது இல்லாத ரிப்போர்ட், முள் இல்லாத தராசு. சாம்பிளை நீங்களே சீல் வைத்து, நீங்களே கூரியர் போட்டு, பணத்தை லேப் கணக்குக்கே அனுப்புங்கள். அதே பேட்சில் ஒரு பாட்டிலை எடுத்து வையுங்கள்.

நாங்கள் எடுத்து வைத்த பாட்டிலை ஸ்கோப்பில் அலர்ஜி சோதனை உள்ள வேறொரு லேபுக்கு அனுப்பினோம். பூண்டுத் தொக்கில் இறால் புரதம் இருப்பதாக, அளவு போட்டு, முறை போட்டு வந்தது. அந்தப் போலித் தாளை நம்பி மதுரைக்கு அனுப்பியிருந்தால்? கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னோம். லேபிளில் 'இறால், மீன் கலந்திருக்கலாம்' என்று போட்டு, தொக்குக்குத் தனி மிக்ஸி ஜாரும் வாணலியும் வாங்கியாயிற்று. அடுத்த பேட்சை மறுபடி சோதித்த பிறகு பார்க்கலாம் என்றிருக்கிறார்.

ஏஜென்ட் மேல் காவல் நிலையத்தில் போலி ஆவணம் என்று மனு கொடுத்திருக்கிறோம். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் நகல் போயிருக்கிறது. முத்திரையைத் திருடியதைப் பற்றி அந்த லேபே என்ஏபிஎல்லுக்கு எழுதுகிறது. "வியாபாரத்துக்கு வாங்கினது, கன்ஸ்யூமர் கேஸ் நிக்காது" என்று ஏஜென்ட் ஒருவரிடம் சொல்லியிருக்கிறார். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக வாங்கிய பொருளை 2019 நுகர்வோர் சட்டம் வியாபார நோக்கத்தில் சேர்ப்பதில்லை. எங்களைப் போல வாங்கிய சேவைக்கு அது எப்படிப் பொருந்தும் என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். 5 லட்சம் வரை வழக்குக் கட்டணமும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினால் வழி சொல்வார்கள்.

இவரிடம் ரிப்போர்ட் வாங்கியவர்கள் இந்தப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள், எனக்குத் தெரிந்தே ரெண்டு குழுக்கள். உங்கள் தாளிலும் 'நிறமற்ற திரவம்' இருந்தால் நகல் எடுத்து வையுங்கள், எங்கள் மனுவோடு சேர்த்துக் கொடுக்கலாம். ஜூன் 14-ல் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து இறால் வரத்து கூடியதும் ஆள் மறுபடி வீடு வீடாகக் கிளம்பிவிடுவார்.