ரொக்கெட் வயரிங்கைக் கடையில் கொடுப்பவர்கள் கவனம்: பழைய சுவிச், போலிச் செப்பு வயர்

திருகோணமலையில் பிள்ளைகளின் அறிவியல் வேலைகளுக்கு இலத்திரனியல் கடைகளை நம்பியிருக்கும் பெற்றோரும் ஆசிரியர்களும் இதைத் தயவுசெய்து முழுதாக வாசியுங்கள். கடையின் பெயரை எழுதவில்லை. என்ன செய்தார்கள் என்று தெரிந்தால் எந்தக் கடையிலும் நீங்களே பிடித்துவிடலாம்.

எங்கள் மாணவர்கள் செய்தது தண்ணீர் ரொக்கெட். வெடிமருந்தோ எரிபொருளோ கிடையாது. சோடாப் போத்தல், தண்ணீர், பம்பால் அடித்த காற்று, அவ்வளவுதான். ஆனால் உள்ளே இருந்த சாமான் சின்னதல்ல: நிரலை ஏற்றி ஓட்டுகிற சின்னக் கணினிப் பலகையான ஆர்டுயினோ நானோ, காற்றழுத்தத்தை வைத்து உயரம் கணிக்கும் பிஎம்பி280 சென்சர், பரசூட் கதவைத் திறக்கும் சின்ன மோட்டரான சேர்வோ, லித்தியம் பற்றரி. பற்றரிக்கும் நானோவுக்கும் நடுவில் ஒரு சுவிச். ரொக்கெட்டை ஏவுவதற்கு நிமிர்த்தி வைத்த பிறகு வெளியிலிருந்து அதைப் போட வேண்டும். இந்தச் சுவிச்சையும் வயரிங்கையும்தான் கடையில் கொடுத்தோம். புதுச் சுவிச், பல இழைச் செப்பு வயர், எல்லா மூட்டுக்கும் ஈயம் உருக்கி ஒட்ட வேண்டும் என்று தாளில் எழுதியே கொடுத்தோம். முழுக் காசையும் கடைக்காரர் முதலே வாங்கிக்கொண்டார்.

கச்சான் காற்று எழும்புவதற்கு முன், காலையிலேயே உப்புவெளிப் பக்கம் ஒரு வெறுங்காணியில் ஏவினோம். நேராக, அழகாக ஏறியது. பரசூட் விரியவில்லை. மூக்கு கீழே பார்க்க வந்து நிலத்தில் குத்தியது. பிளாஸ்டிக் போத்தல்தானே என்று யாரும் நினைக்க வேண்டாம், அந்த வேகத்தில் ஒரு பிள்ளையின் தலையில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நெஞ்சு பதறுகிறது. நசுங்கிய லித்தியம் பற்றரி தீப்பிடிக்கவும் கூடும். அதை மணலில் போட்டு எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னோம்.

நானோவில் பதிந்திருந்த தரவைப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. ஏவிய கணத்தோடு பதிவு அறுந்து, திரும்பவும் முதலிலிருந்து தொடங்கியிருந்தது. மின்சாரம் கண்சிமிட்டும் நேரம் நின்றாலே போதும், நானோ அணைந்து மறுபடி எழும்பும். அதற்கு ஓரிரு விநாடி ஆகும். எழும்பியதும், எங்கள் நிரலின்படி, அந்த நேரம் இருக்கும் உயரத்தையே தரை என்று எடுத்துக்கொள்ளும். அதன் கணக்கில் ரொக்கெட் இன்னும் கிளம்பவே இல்லை. பிறகு எப்படிக் கதவைத் திறக்கும்?

அப்புறம் வயர் மூட்டுகளை மூடியிருந்த, சூடுகாட்டினால் சுருங்கி இறுகும் கறுப்புக் குழாயை வெட்டிப் பார்த்தோம். உள்ளே ஒரு பொட்டு ஈயமும் இல்லை. வயரை முறுக்கி, ரேப் சுற்றி, மேலே குழாயை மாட்டிச் சூடுகாட்டியிருந்தார். வெளியே பார்த்தால் அவ்வளவு சுத்தமான வேலை! சுவிச்சின் கால்களில் பழைய ஈயமும் பச்சைக் களிம்பும் ஒட்டியிருந்தன, ஏதோ பழைய ரேடியோவில் கழற்றியது. வயரைப் பிளேட்டால் சுரண்டினால் செம்பு நிறம் போய் வெள்ளை தெரிந்தது. செப்புப் பூசிய அலுமினியம். செம்பை விட மின்சாரத்தைக் குறைவாகக் கடத்தும், வளைத்தால் சீக்கிரம் முறியும். பூச்சுப் போன இடத்தில் சாதாரண ஈயம் ஒட்டவே ஒட்டாது.

சுவிச் பக்கமாகத் தள்ளி நகர்த்துகிற வகை. அதை ரொக்கெட்டின் நீளவாக்கில் ஒட்டியிருந்தார். தண்ணீர் ரொக்கெட் கிளம்பும் அந்தச் சின்ன நேரத்தில் அதன்மேல் விழும் விசை புவியீர்ப்பைப் போல் பல பத்து மடங்கு. தேய்ந்த சுவிச்சின் உள்தகடு அந்த உதைப்பில் பின்னால் சறுக்கும். குறுக்காக வைத்திருந்தால் சறுக்க வழியில்லை. அதற்கும் படம் வரைந்து கொடுத்திருந்தோம்.

கடைக்குப் போனோம். மின்தொடர்பு இருந்தால் பீப் அடிக்கும் மல்டிமீற்றரை வைத்து, “பீப் எண்டு கேக்குதுதானே தம்பி, சுவிச் நல்லாத்தான் இருக்கு” என்றார். எங்கள் மாணவி ஒருத்தி மீற்றரின் முனைகளை அப்படியே பிடித்துக்கொண்டு சுவிச்சை மேசையில் மெல்லத் தட்டினாள். சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. “அண்ணை, இது மேல போற சாமான் எண்டு எழுதித்தானே தந்தனாங்கள்” என்றேன். “உடைச்சுக் கொண்டுவந்திட்டு என்னைக் கேட்டா?” என்று அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிவிட்டார். மாதக்கணக்கில் பிள்ளைகள் மினக்கெட்ட வேலை அது. ஒரு வருத்தம்கூடச் சொல்லவில்லை.

ஆகவே கொடுப்பதென்றால் பாதிக் காசு மட்டும் முதலில் கொடுங்கள். குழாயை மாட்டுவதற்கு முன் மூட்டைக் காட்டச் சொல்லுங்கள், கையால் இழுத்துப் பாருங்கள். வயரின் நுனியைச் சுரண்டிப் பாருங்கள். வெள்ளி நிறப் பூச்சைச் சுரண்டி உள்ளே செம்பு தெரிந்தால் பயமில்லை, மறுவளமாக இருந்தால் வாங்காதீர்கள். மீற்றரை மாட்டிக்கொண்டே சுவிச்சைத் தட்டிப் பாருங்கள், சும்மா வைத்துப் பார்ப்பதில் பலனில்லை. “3 ஆம்பியர் 250 வோல்ட்” என்று பொறித்திருப்பது தாங்கும் மின்சாரத்தின் அளவுக்குத்தான், குலுக்கலைத் தாங்குமா என்பதை அது சொல்லாது.

முடிந்தால் தள்ளுகிற சுவிச்சையே விட்டுவிடுங்கள். திருகாணிச் சாவியால் திருப்புகிற சுழல் சுவிச், அதாவது சில மின் சாதனங்களில் 115, 230 வோல்ட் மாற்ற வைத்திருக்கும் வகை, பெரிய ரொக்கெட் விடுபவர்கள் பலரும் பயன்படுத்துவது. தானாக நகராது. நம்மூர் உப்புக்காற்றுக்கு எந்தச் சுவிச்சும் களிம்பு பிடிக்கும் என்பதால் ஏவுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் சோதியுங்கள்.

பற்றுச்சீட்டைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். முறைப்பாட்டுக்குப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. பற்றுச்சீட்டு, நாங்கள் எழுதிக் கொடுத்த தாளின் பிரதி, வெட்டிய வயரின் படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் கழற்றிய துண்டுகளை எறிந்துவிடாமல் நீங்களும் முறையிடுங்கள்.